0.02 எப்படி 31 ஆனது? அப்பாவின் ட்ரோபோனின் அறிக்கைகள் பற்றி ஒரு கேள்வி

கீழவாசல் எழுதியது (ஞாயிறு, காலை 10.42):

வணக்கம். மருத்துவம் அறிந்தவர்களும் ஆய்வகத்தில் பணிபுரிபவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன். என் அப்பாவுக்கு வயது 61; பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 9.20 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது என்றார். சட்டை நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனைக்கு 10 மணிக்கெல்லாம் அழைத்துப் போனோம். ஈசிஜி எடுத்துப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்றார்கள். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்ததில் 0.02 என்று வந்தது, 0.04-க்குள் இருந்தால் இயல்பு என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓர் ஊசியும் இரண்டு மாத்திரைகளும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவு 1.30-க்கு வலி திரும்பி வந்தது. இம்முறை இடது தோளுக்கும் தாடைக்கும் ஏறியது. பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே 2.10-க்கு எடுத்த ரத்தத்தில் ட்ரோபோனின் 31. மறுநாள் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். காலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

சிக்கல் என் தம்பியால் வந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, நான்கு மணி நேரத்தில் 0.02 என்பது 31 ஆகியிருக்கிறது, அதாவது 1,550 மடங்கு கூடியிருக்கிறது, அப்படி எந்த ரத்தத்திலும் நடக்காது, ஆகவே முதல் இடத்தில் சோதனையே செய்யாமல் ஏதோ ஓர் எண்ணைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று வழக்குப் போடக் கிளம்பியிருக்கிறான். அவன் சொல்வதில் நியாயம் உண்டா என்பதைத் தெரிந்துகொண்டு பேச விரும்புகிறேன்.


சோதனைக்குழாய் எழுதியது (ஞாயிறு, காலை 11.30):

உங்கள் தம்பியை முதலில் உட்காரச் சொல்லுங்கள். நான் 22 ஆண்டுகளாக ஆய்வகத்தில் இருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தாள்களிலும் எண்ணுக்கு அடுத்த கட்டத்தில் உள்ள அலகைப் பாருங்கள். முதல் தாளில் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று இருக்கும். இரண்டாவதில் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம் என்றோ, ஒரு லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றோ இருக்கும். இவை இரண்டும் ஒரே அளவுதான். ஒரு நானோகிராமுக்கு 1,000 பிக்கோகிராம். ஆகவே முதல் இடத்தில் வந்த 0.02 என்பது இரண்டாம் இடத்தின் கணக்கில் 20. கிலோவில் எழுதியதையும் கிராமில் எழுதியதையும் ஒப்பிட்டுத் தம்பி சண்டைக்குப் போயிருக்கிறார்.

அப்படியானால் 20 என்பது 31 ஆகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. தாளின் மேல்பகுதியில் ட்ரோபோனின் ஐ என்று இருக்கிறதா, ட்ரோபோனின் டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் வெவ்வேறு புரதங்கள். இயல்புக்கு மேல் வரம்பாக 0.04 போட்டிருப்பதால் முதல் இடத்தில் பார்த்தது பழைய தலைமுறை ஐ வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். இரண்டாம் தாளில் 14-க்குக் கீழ் என்று வரம்பு போட்டிருந்தால் அது உயர் உணர்திறன் கொண்ட, அதாவது மிகச் சிறிய அளவையும் பிடிக்கக்கூடிய, டி வகை. டி வகையை நெடுங்காலம் ஒரே நிறுவனத்தின் கருவிகளே அளந்துவந்தன. ஐ வகையைப் பல நிறுவனங்கள் அளக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தப் புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதால், ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு கருவிகளில் ஓட்டினால் இரண்டு எண்கள் வரும். இரண்டுமே சரியான எண்கள்தாம், அந்தந்தக் கருவியின் வரம்போடு ஒப்பிடும்வரை.

ஆகவே எண்ணை இட்டுக்கட்டி எழுதினார்கள் என்பதற்கு இந்தத் தாள்களில் ஆதாரம் இல்லை. பெரிய மருத்துவமனையில் இரண்டாவது முறையும் ரத்தம் எடுத்திருப்பார்களே, அந்த மூன்றாவது தாள் உங்களிடம் இருக்கிறதா?


இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, மதியம் 1.15):

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் நான். சோதனைக்குழாய் ஐயா சொன்ன அலகுக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு, முதல் இடத்தில் எல்லாமே ஒழுங்காக நடந்தது என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை 9.20, 10.00 என்ற இரண்டு நேரங்கள். வலி தொடங்கி 40 நிமிடத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசை நாருக்குள், சுருங்கி விரியும் இழைகளோடு கட்டுண்டு கிடக்கும் புரதம். சிறிதளவு மட்டுமே செல்லின் நீர்மத்தில் தனியாக மிதக்கும். ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை மூச்சுத்திணறிச் செல்லின் சவ்வு சிதைந்த பிறகுதான், முதலில் அந்த மிதக்கும் பங்கும், பின்னர் இழைகள் கரையக் கரைய மீதிப் பங்கும் ரத்தத்துக்கு வந்து சேரும். பழைய தலைமுறைச் சோதனைகளில் இது தெரியவர 3 முதல் 4 மணி நேரம், சிலருக்கு 6 மணி நேரமும் ஆகும். கட்டுண்ட பங்கு மெல்லக் கரைவதால்தான் ஒரு வாரம், பத்து நாள் வரையிலும் அது ரத்தத்தில் உயர்ந்தே இருக்கிறது. நாற்பதாவது நிமிடத்தில் எடுத்த ரத்தத்தில் இல்லை என்று வந்தால், இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தவிர வேறெதையும் அதிலிருந்து சொல்ல முடியாது.

புதிய உயர் உணர்திறன் சோதனைகள் இந்தக் காத்திருப்பைச் சுருக்கியிருக்கின்றன, ஒழித்துவிடவில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதலில் டி வகைக்கு, முதல் ரத்தத்திலேயே 5-க்குக் கீழ் இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஒதுக்கலாம் என்று உண்டு. ஆனால் வலி தொடங்கி 3 மணி நேரம் கடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வரியில் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் அளவு 12-க்குக் கீழ் இருந்து, ஒரு மணி நேரத்தில் கூடியது 3-க்கும் குறைவு என்றால் ஒதுக்கலாம். முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் கூடினாலோ மாரடைப்பாகக் கருதிச் செயல்பட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டவர்களைப் படுக்கையில் வைத்துக் கவனித்து, மூன்றாவது மணியில் மீண்டும் பார்க்க வேண்டும்.

61 வயது, சர்க்கரை, நெஞ்சில் கல் வைத்தாற்போன்ற பாரம், வியர்வை. இவ்வளவும் உள்ள ஒருவரை ஓர் ஈசிஜியையும் ஒரு குழாய் ரத்தத்தையும் மட்டும் நம்பி நான் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது (ஞாயிறு, மாலை 5.05):

மேலே உள்ளவற்றைப் பொறுமையாகப் படித்தேன். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு வயது 70. மூன்று ஆண்டுகளாக வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒருநாள் மூச்சு வாங்குகிறது என்று அழைத்துப் போனோம். ட்ரோபோனின் டி 68 வந்துவிட்டது, இயல்பு 14 தான், இது பெரிய மாரடைப்பு, இன்றிரவே ஆஞ்சியோ செய்தாக வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஆஞ்சியோவுக்குப் போடும் மருந்து, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடுமோ என்று பயந்து மறுத்துவிட்டோம். மறுநாள் பார்த்தால் 66. அடுத்த மாதம் வேறு இடத்தில் அதே வகைச் சோதனையில் 70. அம்மாவுக்கு அன்றும் மாரடைப்பு இல்லை, இன்றும் இல்லை. உடம்பில் நீர் கூடிப் போயிருந்தது, அதை எடுத்ததும் மூச்சு சரியாகிவிட்டது.

சோதனையின் உணர்திறனைக் கூட்டக் கூட்ட, எல்லோருக்கும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பார்ப்பதும் நடக்கத்தான் செய்யும். இரண்டு முறை, மூன்று முறை ரத்தம் எடுங்கள் என்று நீங்கள் சொல்வது அந்த வியாபாரத்துக்குத்தானே உதவும்?


பழைய நாடி எழுதியது (ஞாயிறு, இரவு 8.50):

நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவன். கணக்குப்பிள்ளை அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ட்ரோபோனின் வருவதற்கு முன்னர் நாங்கள் எவற்றை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தோம் என்பதைச் சொன்னால் இந்த விவாதத்துக்குக் கொஞ்சம் அளவுகோல் கிடைக்கும்.

மாரடைப்பை ரத்தத்தில் காணலாம் என்பதையே 1954-இல்தான் உலகம் அறிந்தது. நியூயார்க்கில் கார்மென், ராப்லெவ்ஸ்கி, லடூ ஆகிய மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி கூடுவதைக் கண்டார்கள். ஆம், இன்று கல்லீரல் சோதனைத் தாளில் நீங்கள் பார்க்கும் அதே எஸ்ஜிஓடிதான். அது இதயத்தின் வழியாகத்தான் மருத்துவத்துக்குள் நுழைந்தது. கல்லீரல், எலும்புத் தசை எல்லாமே அந்த நொதியைக் கசியவிடும் என்பதால் அதை வைத்து இதயத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. அடுத்து வந்த எல்டிஎச் என்ற நொதி பல நாள் உயர்ந்து நிற்கும் என்பதால், வலி வந்து மூன்று நான்கு நாள் கழித்து வருகிறவர்களுக்கு உதவியது. ஆனால் ரத்தச் சிவப்பணு உடைந்தாலும் அது கூடிவிடும். பிறகு தசைகளில் உள்ள சிகே என்ற நொதி வந்தது. புட்டத்தில் ஓர் ஊசி போட்டாலே தசை நைந்து சிகே ஏறிவிடும் என்பதால், நெஞ்சுவலியோடு வந்தவருக்குத் தசையில் ஊசி போட்ட செவிலியரை எங்கள் பெரிய டாக்டர் வார்டே கேட்கும்படி கடிந்துகொள்வார். கீழவாசல் அவர்களின் தந்தைக்குப் போட்ட அந்த ஊசியைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் காதில் ஒலித்தது. இதயத்தில் கூடுதலாக உள்ள சிகே-எம்பி என்ற பிரிவைத் தனியாக அளக்கத் தொடங்கிய பிறகுதான் ஓரளவு நிம்மதி வந்தது. அதுவும் 4 முதல் 6 மணி நேரத்தில் ஏறி, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

ட்ரோபோனினை 1960-களில் ஜப்பானில் கண்டறிந்தவர் எபாஷி. தசை எப்படிச் சுருங்குகிறது, கால்சியத்துக்கு அதில் என்ன வேலை என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தவர் அவர்; மாரடைப்பு அவர் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் புரதத்துக்கு சி, ஐ, டி என்று மூன்று அங்கங்கள். இவற்றில் சி இதயத்திலும் சிலவகை எலும்புத் தசைகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால் சோதனைக்கு ஆகாது. ஐ, டி இரண்டும் இதயத்தில் தனி வடிவம் கொண்டவை. 1980-களின் பிற்பகுதியில் இவற்றை ரத்தத்தில் அளக்கும் முறைகள் வந்தன. டி வகைக்கான சோதனையை உருவாக்கியவர் ஜெர்மனியின் காடுஸ். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் கூடி, மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினை மையமாக வைத்து மாற்றி எழுதின. 2018-இல் வெளிவந்த நான்காவது பொது வரையறைதான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது.

கணக்குப்பிள்ளை கேட்டதற்கான விடை அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. ட்ரோபோனின் உயர்ந்திருந்தால் அது இதயத் தசைக் காயம், அவ்வளவே. அந்த அளவு ஏறவோ இறங்கவோ செய்து, அத்துடன் ரத்த ஓட்டம் தடைபட்டதற்கான அடையாளம் வலியிலோ ஈசிஜியிலோ எக்கோவிலோ ஆஞ்சியோவிலோ இருந்தால்தான் அதற்கு மாரடைப்பு என்று பெயர்.


இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, இரவு 10.20):

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் அம்மாவின் விஷயத்தில் நீங்கள் மறுத்தது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் சரியாக முடிவெடுத்தீர்கள் என்பதை உறுதிப்படுத்தியதே இரண்டாவது ரத்தம்தான். 68, 66, 70 என்பது சமதளம். சிறுநீரகம் பழுதானவர்கள் பலருக்கு, டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, டி வகை அளவு எப்போதுமே 14-ஐத் தாண்டியே இருக்கும். அப்படி ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களிடம் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். 68-ஐ மட்டும் வைத்து அன்றிரவே ஆஞ்சியோ என்று சொன்னவர்கள், என் பார்வையில், கீழவாசலின் அப்பாவை வீட்டுக்கு அனுப்பியவர்கள் செய்த அதே பிழையைத்தான் எதிர்த்திசையில் செய்திருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தச் சோதனைக்குப் பொருந்தாது.

நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தாலும், இதயத் தசை வைரஸால் அழன்றாலும், கடுமையான கிருமித்தொற்றிலும், இதயச் செயலிழப்பிலும், நீண்ட நேரம் வேகமாகத் துடித்த இதயத்திலும், 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடி முடித்த நல்ல உடம்பிலும்கூட ட்ரோபோனின் கூடும். ரத்தம் மிகவும் குறைந்து போனதாலோ அழுத்தம் சரிந்ததாலோ, குழாயில் கட்டியில்லாமலேயே தசை பட்டினி கிடந்து காயப்படுவதை இரண்டாம் வகை மாரடைப்பு என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவம் ரத்தம் ஏற்றுவதும் அழுத்தத்தைச் சரிசெய்வதும்தான், ஸ்டென்ட் அன்று.

உணர்திறன் கூடினால் பயன் கூடுமா என்ற உங்கள் ஐயம் நியாயமானது. அதை அறிவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 10 மருத்துவமனைகளில், 48,282 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். உயர் உணர்திறன் சோதனையால் கூடுதலாக அடையாளம் காணப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் முதல் வகை மாரடைப்பு, அதாவது குழாயில் ரத்தக்கட்டி அடைத்து வரும் வழக்கமான மாரடைப்பு, இருந்தது. ஓராண்டில் மறு மாரடைப்போ இதய மரணமோ குறையவும் இல்லை. ஆகவே எண்ணைக் கண்டதும் பாய்வதற்கு எதிராக நீங்கள் சொல்வதற்கு என் ஆதரவு உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சோதனையின் பெரும்பயன், நெஞ்சுவலியோடு வருபவர்களில் மாரடைப்பு இல்லாத பெரும்பாலோரைச் சில மணி நேரத்தில், துணிந்து, வீட்டுக்கு அனுப்ப முடிவதுதான். வியாபாரக் கணக்கில் பார்த்தால் அது படுக்கையைக் காலி செய்யும் வேலை.


கணக்குப்பிள்ளை எழுதியது (ஞாயிறு, இரவு 10.55):

விளக்கத்துக்கு நன்றி, டாக்டர். அன்றிரவு யாராவது ஒருவர், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஓர் இரவு முழுக்கக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தவித்திருக்க மாட்டோம். என் குறை அதுதான்.


ஆலமரத்தடி எழுதியது (திங்கள், காலை 6.30):

நீங்கள் எல்லோரும் ஐ, டி, ஒரு மணி, மூன்று மணி என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து வட்டத் தலைநகருக்கே 28 கிலோமீட்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை கிடையாது. அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?


இரவுப்பணி எழுதியது (திங்கள், காலை 7.45):

மிக முக்கியமான கேள்வி. ரத்தச் சோதனை இல்லை என்பதற்காக நீங்கள் எதையும் ஒத்திப்போட வேண்டியதில்லை. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அதன் வரைகோட்டில் எஸ்டி எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால், குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது ட்ரோபோனினுக்காகக் காத்திருப்பதே தவறு. கட்டியைக் கரைக்கும் மருந்தோ ஆஞ்சியோவோ உடனே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது ரத்த அறிக்கைக்காகக் காத்திருக்கும் ஏற்பாடு அன்று. 108-ஐ அழைத்து அங்கே போய்ச் சேர்வதுதான் உங்கள் வேலை. மாத்திரைகளை மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும். நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

ஈசிஜியில் மாற்றமில்லாமல், ஆனால் வலி தொடர்ந்தால் அரை மணிக்கொரு முறை ஈசிஜியைத் திரும்ப எடுக்கலாம். இதயத்தின் பின்புற அடைப்பு வழக்கமான 12 பதிவுகளில் ஒளிந்துகொள்ளும். முதுகுப் பக்கம் பட்டைகளை ஒட்டி எடுத்தால் வெளிப்படும். இதற்குக் கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.


தென்மராட்சி எழுதியது (திங்கள், மாலை 4.10):

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். பல வருடங்களாகப் பிரித்தானியாவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் அவசரப் பிரிவில் நெஞ்சு நோவோடு வருகின்ற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கின்ற முதற் கேள்வி, எத்தனை மணிக்கு நோ தொடங்கியது என்பதுதான். அந்த நேரத்தையும், இரத்தம் எடுத்த நேரத்தையும் படிவத்தில் எழுதாவிட்டால் ஆய்வுகூடத்திலிருந்து வருகின்ற எண் அரைவாசி பயனற்றது. கீழவாசல் அவர்கள் இரண்டு நேரங்களையும் நிமிடம் பிசகாமல் நினைவு வைத்திருந்ததால்தான் வைத்தியர் அம்மா இங்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது.

பெண்களைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் பாவிக்கின்ற ஐ வகைச் சோதனையில் ஆண்களுக்கு வரம்பு 34, பெண்களுக்கு 16. ஆரோக்கியமான நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அதையே வரம்பாக வைக்கிறார்கள். பெண்களின் இதயத் தசை சிறியதாகையால் அந்த வரம்பும் தாழ்ந்திருக்கிறது. இருபாலாருக்கும் பொதுவாக வைத்தால் அது 26 அளவில் வரும். ஒருமுறை 54 வயதுப் பெண் ஒருவர், இரண்டு நாளாக முதுகின் மேற்பகுதியில் நோ, படியேற ஏலாத களைப்பு என்று வந்தார். அவருக்கு வந்த அளவு 21. பொது வரம்பை மட்டும் பார்த்திருந்தால் அவர் அன்றே வீடு போயிருப்பார். இரண்டாவது இரத்தத்தில் அது 49 ஆனது. தனி வரம்பு வைப்பதால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அம்மாவின் முகம் என் நினைவில் நிற்கிறது.


சோதனைக்குழாய் எழுதியது (திங்கள், இரவு 9.00):

எங்கள் பக்கத்துப் பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்தம் முழுதாக உறையும் முன்னரே அவசரம் அவசரமாகச் சுழற்றினால், கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குகள் சீரத்தில் தங்கி, சில கருவிகளில் ட்ரோபோனினைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போட்ட நோயாளியின் ரத்தம் உறையவே நேரமாகும் என்பதால் இது கூடுதலாக நடக்கும். எண் ஒட்டாமல் இருந்தால் குழாயை மறுபடி சுழற்றி ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று கடைகளில் விற்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் எண்ணைப் பொய்யாக இறக்கிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தபோது, அதிக அளவு பயோட்டின் உட்கொண்டு ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து தெரிந்த ஒருவர் இறந்துபோனதையும் குறிப்பிட்டிருந்தது. ஆகவே டாக்டர் மாத்திரை விவரம் கேட்கும்போது சத்து மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிறிய இடங்களில் இரண்டு கோடு விழுந்தால் பாசிட்டிவ் என்று காட்டும் கார்டு வைத்திருப்பார்கள். பல கார்டுகளின் உறையில் 0.5 நானோகிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பிக்கோகிராம் கணக்கில் அது 500. அதாவது 400 இருக்கிறவருக்கும் ஒரு கோடுதான் விழும். அவர் நெகட்டிவ் என்று எழுதப்பட்ட சீட்டோடு வீட்டுக்குப் போவார். பாசிட்டிவ் வந்தால் கார்டு பயன்படும். நெகட்டிவ் வந்தால் அதை நான் நம்புவதில்லை.

சிகே-எம்பி பற்றிப் பழைய நாடி ஐயா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. சில வாரங்களுக்கு முன் ஒருவருக்கு மொத்த சிகே 48, அதில் ஒரு பகுதியான சிகே-எம்பி 61 என்று கருவி காட்டியது. பகுதி எப்படி முழுமையைவிடப் பெரிதாகும்? சாதாரணமாகச் செய்யும் முறையில், சிகே-எம்பியின் எம், பி என்ற இரு பாதிகளில் எம் பாதியை முடக்கிவிட்டு, மிஞ்சும் பி பாதியின் வேகத்தை இரண்டால் பெருக்குகிறோம். ரத்தத்தில் பி மட்டுமே கொண்ட சிகேயோ, எதிர்ப்பொருளோடு ஒட்டிப் பெருத்த சிகேயோ இருந்தால் இப்படிப்பட்ட நடக்கவே முடியாத எண் வரும். அமெரிக்க நோய்க்குறியியல் சங்கம் 2015-இலேயே மாரடைப்பைக் கண்டறியச் சிகே-எம்பி வேண்டாம், ட்ரோபோனின் போதும் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் ஆய்வகங்களின் இதயப் பரிசோதனைத் தொகுப்புகளில் மட்டும் அது இன்னமும் உட்கார்ந்திருக்கிறது.

கீழவாசல் அவர்களே, மூன்றாவது தாள் கிடைத்ததா?


கீழவாசல் எழுதியது (செவ்வாய், காலை 8.15):

கிடைத்தது. டிஸ்சார்ஜ் கோப்பில் எக்கோ அறிக்கைக்குப் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது மட்டுமன்றி நான்காவதும் இருந்தது. நீங்கள் ஊகித்தபடியே முதல் மருத்துவமனைத் தாளில் ட்ரோபோனின் ஐ, மில்லிலிட்டருக்கு நானோகிராம். பெரிய மருத்துவமனைத் தாள்களில் உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி, மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம். 2.10-க்கு 31. 3.15-க்கு 39. 5.30-க்கு 96. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9. மூன்றாம் தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால் +8 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறார்கள். அன்றிரவு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓர் இளம் மருத்துவர் எங்களிடம் வந்து, இவரை ஐசியுவுக்கு மாற்றுகிறோம் என்றார். 31-க்கும் 39-க்கும் அப்படியென்ன பெரிய வேறுபாடு என்று நான் அப்போது மனத்துக்குள் முணுமுணுத்தது நினைவுக்கு வருகிறது.


இரவுப்பணி எழுதியது (செவ்வாய், காலை 9.40):

அந்த வட்டத்தைப் போட்டவருக்கு என் வணக்கம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 8 கூடியிருக்கிறது. நான் முன்பு சொன்ன 5 என்ற வரம்பை அது தாண்டிவிட்டது. 96 வரும்வரை காத்திராமல் 39-லேயே முடிவெடுத்திருக்கிறார்கள். தம்பி கணக்கிட்ட 1,550 மடங்கு உண்மையில்லை. ஆனால் அளவு ஏறிக்கொண்டிருந்தது உண்மை. முதல் இடத்தின் 0.02 பொய்யான எண்ணாக இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அப்பாவை அங்கேயே படுக்க வைத்து, நள்ளிரவு 12.30 அல்லது 1 மணிக்கு அதே கருவியில் இன்னொரு குழாய் ஓட்டியிருந்தால் அதுவும் ஏறத் தொடங்கியிருப்பதைக் காட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாவது முறை ஏன் எடுக்கவில்லை என்பதுதான். எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.


கீழவாசல் எழுதியது (செவ்வாய், இரவு 9.30):

தம்பியை உட்கார வைத்து நான்கு தாள்களையும் நேர வரிசையில் மேசைமேல் பரப்பிக் காட்டினேன். அலகைப் புரியவைக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. அரிசிக் கணக்கில் சொன்னதும் பிடித்துக்கொண்டான். வழக்குப் பேச்சை விட்டுவிட்டான். முதல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், அதில் 9.20, 10.00 என்ற இரண்டு நேரங்களையும், இரவுப்பணி அவர்கள் சொன்ன அந்த ஒரு கேள்வியையும் மட்டும் எழுதினோம். கடிதத்தை வாசித்துப் பார்த்த அப்பா, ஊசியையும் சேர்த்து எழுது, இடுப்பு மூன்று நாள் வலித்தது என்றார். பழைய நாடி ஐயாவை நினைத்துக்கொண்டு அதையும் சேர்த்துவிட்டேன்.